டேட்டா வேர்ஹவுஸ்: உங்கள் ஐந்து கடைகளில் இருந்தே தொடங்குங்கள்

கேள்வி: அக்கா, நான் மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். ஐந்து கிளைகள் உள்ள ஒரு மளிகை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மூன்று வருடமாக வேலை. மாதா மாதம் விற்பனை ரிப்போர்ட்டை எக்செல்லில் நான்தான் தயார் செய்கிறேன். கடைகளின் பில்லிங் கம்ப்யூட்டர் ஒரு தொகை சொல்கிறது, கணக்கு சாஃப்ட்வேர் வேறு தொகை சொல்கிறது. இரண்டும் ஒரு மாதம்கூட ஒத்துப்போனதில்லை. டேட்டா வேர்ஹவுஸ் படித்தால் இதற்கு வழி தெரியும், எபேன் ஐடி நகரில் நல்ல வேலையும் கிடைக்கும் என்று அத்தை மகன் சொல்கிறான். தேடிப் பார்த்தால் ஸ்னோஃப்ளேக், ரெட்ஷிஃப்ட், ஹடூப், பைத்தான் என்று பெயர்களாக வருகின்றன. எதை முதலில் படிப்பது? பணம் கட்டி சர்ட்டிஃபிகேட் வாங்க வேண்டுமா? நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, காமர்ஸ். வயது 27. என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் தமிழில் மன்னிக்க ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை வேலைக்குப் போன பிறகும் விடாமல் எழுதுகிறீர்களே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி ஒன்று உண்டு: 'இரண்டும் ஒரு மாதம்கூட ஒத்துப்போனதில்லை.' பத்தொன்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். புதிதாக ஒரு நிறுவனத்துக்குள் போகும்போதெல்லாம் முதலில் காதில் விழுவது இந்த வாக்கியம்தான். இந்தத் துறை பிறந்ததே இந்தக் குறையைத் தீர்க்கத்தான். அதனால் நீங்கள் ஒன்றும் தெரியாத இடத்தில் இருந்து தொடங்கவில்லை. பல பேர் புத்தகத்தில் படித்துவிட்டு, உண்மையில் ஒரு தடவைகூடப் பார்க்காத சிக்கலை நீங்கள் மாதா மாதம் கையில் வைத்திருக்கிறீர்கள்.

முதலில் அது ஏன் ஒத்துப்போவதில்லை என்று பார்ப்போம். கல்லாவில் 115 ரூபாய் வாங்கியிருந்தால், 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) கழித்து கணக்கில் விற்பனையாக ஏறுவது 100 ரூபாய். சரி, மொத்தத்தை 1.15-ஆல் வகுத்துவிடலாமே என்றால் அதுவும் நடக்காது. அரிசி, ரொட்டி போன்ற அத்தியாவசியப் பொருள்களுக்கு வாட் பூஜ்யம். ஆகவே பொருள் பொருளாகப் பார்த்தால்தான் சரியான தொகை வரும். அடுத்தது தேதி. சனிக்கிழமை இரவு கடை மூடிய பிறகு எடுக்கிற இசட் ரிப்போர்ட் (கல்லாவின் அன்றைய மொத்தக் கணக்கு) கணக்குப் பிரிவில் திங்கட்கிழமை ஏறும். அந்தச் சனிக்கிழமை மாதத்தின் கடைசி நாளாக இருந்துவிட்டால், ஒரு கிளையின் ஒரு முழு நாள் விற்பனை அடுத்த மாதத்துக்குப் போய்விடும். மூன்றாவது, திரும்பி வந்த பொருள்கள். பில்லிங் கம்ப்யூட்டர் அதை மைனஸ் பில்லாக வைத்திருக்கலாம். கணக்கில் அது தனித் தலைப்பில் இருக்கலாம். இந்த மூன்றையும் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். வித்தியாசத்தின் பெரும் பகுதி இவற்றிலேயே அடங்கிவிடும் என்பது என் அனுபவம்.

இரண்டு கம்ப்யூட்டரிலும் தவறில்லை. ஒன்று கல்லாவுக்காகச் செய்தது, மற்றது கணக்குக்காகச் செய்தது. 'போன வருடத்தைவிட இந்த வருடம் எப்படி?' என்று முதலாளி கேட்கிற கேள்விக்காக இரண்டையுமே யாரும் செய்யவில்லை. அந்தக் கேள்விக்கென்று தனியாகக் கட்டுவதுதான் டேட்டா வேர்ஹவுஸ், தமிழில் தரவுக் கிடங்கு.

நம் பாட்டி காலத்து லாபுட்டிக்கை, அந்தத் தெருமுனைக் கடையை, நினைத்துப் பாருங்கள். கடனுக்கு வாங்குகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார்னே, அதாவது கடன் நோட்டு, இருக்கும். அரை கிலோ பருப்பு, ஒரு போத்தல் எண்ணெய் என்று அன்றன்றைக்கு அதில் எழுதுவார்கள். சம்பளம் வந்ததும் பாக்கியைத் தீர்த்துக் கோடு அடிப்பார்கள். ஒரு வீட்டின் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் கார்னே உடனே சொல்லும். ஆனால் 'இந்த வருடம் மொத்தம் எவ்வளவு பருப்பு விற்றேன்?' என்று கடைக்காரருக்குத் தெரிய வேண்டுமானால், எல்லா வீட்டுக் கார்னேயையும் வாங்கி வைத்துக்கொண்டு, வேறொரு நோட்டில், பொருள் வாரியாக, தேதி வாரியாக எழுத வேண்டும். அந்த வேறு நோட்டுதான் வேர்ஹவுஸ். கார்னேயில் கோடு அடிக்கலாம், அந்த நோட்டில் அடிக்கக் கூடாது. பழையது பழையபடியே இருக்க வேண்டும்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். ஐபிஎம்மில் இருந்த பாரி டெவ்லின், பால் மர்ஃபி இருவரும் 1988-ல் ஒரு கட்டுரையில் இதை விளக்கினார்கள். 1992-ல் பில் இன்மன் ஒரு வரையறை கொடுத்தார்: துறை வாரியாகப் பிரித்தது, பல இடத்தில் இருந்து வந்ததை ஒரே முறைக்குக் கொண்டுவந்தது, காலத்தோடு சேர்த்து வைத்தது, ஏறியது மாறாமல் இருப்பது. 1996-ல் ரால்ஃப் கிம்பல், விற்பனை மாதிரியான நிகழ்ச்சிகளை நடுவில் ஒரு டேபிளாகவும் (அட்டவணையாகவும்), அவற்றைச் சுற்றி தேதி, கடை, பொருள் ஆகியவற்றைத் தனித்தனி டேபிளாகவும் வைக்கிற முறையை எல்லோருக்கும் புரியும்படி எழுதினார். படமாக வரைந்தால் நட்சத்திரம் போல இருப்பதால் அதற்கு ஸ்டார் ஸ்கீமா என்று பெயர். இன்மனா கிம்பலா என்று இப்போதும் விவாதிப்பார்கள். அதில் நீங்கள் இப்போது நேரம் செலவழிக்க வேண்டாம். ஐந்து கடை, ஒரு ஆள் என்கிற உங்கள் நிலைமைக்கு கிம்பல் வழிதான் பொருந்தும். மார்ஜி ராஸுடன் சேர்ந்து கிம்பல் எழுதிய 'தி டேட்டா வேர்ஹவுஸ் டூல்கிட்' புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு 2013-ல் வந்தது. முதல் நான்கு அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். அதில் முதல் பெரிய உதாரணமே சில்லறை வியாபாரம், அடுத்தது சரக்கு இருப்பு. இரண்டும் உங்கள் வேலைதான்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: 'என் விற்பனை டேபிளில் ஒரு வரி என்பது ...' (இங்கே வரி என்றால் டேபிளின் ஒரு ரோ, அரசாங்கத்துக்குக் கட்டுகிற வரி அல்ல.) அந்த வாக்கியத்தை முடிக்கத் தெரிந்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது. இதைத் தொழிலில் கிரெய்ன் என்போம்.

ஒரு வரி என்பது ஒரு நாளில் ஒரு கடையின் மொத்த விற்பனையா? அப்படியானால் எந்தப் பொருள் விற்றது என்று பிறகு ஒருபோதும் கேட்க முடியாது. ஒரு வரி என்பது ஒரு பில்லா? பில்லின் தொகை தெரியும், ஆனால் அதில் வாட் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரிக்க முடியாது. ஒரு பில்லில் ஒரு பொருளுக்கு ஒரு வரி என்று வைத்தால்தான் எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைக்கும். கிடைப்பதிலேயே நுணுக்கமான அளவில் வையுங்கள். பெரிதாகக் கூட்டிக்கொள்வது எப்போதும் முடியும், கூட்டி வைத்ததைப் பிறகு பிரிக்க முடியாது.

அளவு பெரிதாகிவிடுமே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடைக்கு நாளைக்கு 400 பில், பில்லுக்கு 8 பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கடைக்கும் சேர்த்து நாளைக்கு 16,000 வரி. எக்செல்லின் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிதான் கொள்ளும், அதனால் 65 நாளில் அது நிறைந்துவிடும். வருடத்துக்கு 300 நாள் என்றால் 48 லட்சம் வரி. ஒரு சாதாரண லேப்டாப்பில் ஓடுகிற டேட்டாபேஸுக்கு இது சிறிய வேலை. உங்களுக்கு இப்போது எக்செல்லை விட்டு வெளியே வர வேண்டியிருப்பதற்கு இந்த 65 நாள்தான் காரணம். கிளவுட், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கிற கம்ப்யூட்டர், எல்லாம் இதற்குத் தேவையே இல்லை.

அந்த வரியில் என்னென்ன வைப்பது? தேதி, கடை, பொருள், பில் நம்பர், அளவு, வாட் இல்லாத தொகை, வாட் தொகை, தள்ளுபடி. வாட்டைத் தனிப் பத்தியில் (காலத்தில், அதாவது column-இல்) வைத்துவிட்டால் கல்லாக் கணக்கும் கணக்குப் பிரிவுக் கணக்கும் ஒரே டேபிளில் இருந்து வரும். யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். அதேபோல பில் போட்ட தேதி ஒரு பத்தி, கணக்கில் ஏறிய தேதி இன்னொரு பத்தி. உங்கள் மூன்று வருடத் தலைவலிக்கு இந்த நான்கு பத்திகள் போதும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் தேதி டேபிள். புதிதாகப் படிக்கிறவர்கள் இதைத்தான் அலட்சியம் செய்கிறார்கள். தேதிக்கு எதற்குத் தனி டேபிள், தேதி தேதிதானே என்பார்கள். நம் நாட்டில் வேலை செய்கிறவர் அப்படிச் சொல்லவே கூடாது. 2024 ஜனவரியை எடுங்கள். 15-ஆம் தேதி பெலால் புயல். போர்ட் லூயிஸில் வெள்ளம் வந்து தெருவில் கார்கள் மிதந்ததை யாரும் மறக்கவில்லை. பத்தே நாளில், 25-ஆம் தேதி தைப்பூசக் காவடி. கொடியேற்றம் தொடங்கி பத்து நாள் விரதம் என்றால் காய்கறி, பால், தேங்காய், எலுமிச்சை எல்லாம் எப்படிப் போகும் என்று மளிகைக் கடையில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருடம், 2025-ல், காவடி பிப்ரவரி 11-ஆம் தேதி. விரத நாள்களும் பிப்ரவரிக்குப் போய்விட்டன. இந்த இரண்டு ஜனவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'தேங்காய் விற்பனை குறைந்துவிட்டது' என்று ஒரு ரிப்போர்ட் போனால், முதலாளி தப்பான முடிவு எடுப்பார்.

அதனால் தேதி டேபிளில் ஒரு நாளுக்கு ஒரு வரி வைத்து, வாரத்தின் எந்த நாள், பொது விடுமுறையா, எந்தப் பண்டிகை, காவடிக்கு எத்தனை நாள் இருக்கிறது, சீன வசந்த விழாவுக்கு எத்தனை நாள், புயல் எச்சரிக்கை எந்த வகுப்பு என்று பத்திகள் போடுங்கள். பத்து வருடத்துக்கும் மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வரிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். நிதியாண்டையும் அதில் எழுதி வையுங்கள். அரசாங்கத்தின் நிதியாண்டு ஜூலையில் தொடங்கிக்கொண்டிருந்தது. 2010-ல் ஜனவரிக்கு மாற்றினார்கள், 2015-ல் மறுபடியும் ஜூலைக்குக் கொண்டுவந்தார்கள். இதை ஃபார்முலாவில் எழுதினால் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஒரு தடவை தப்பு வரும். டேபிளில் ஒரு தடவை எழுதினால் முடிந்தது.

பொருள் டேபிளுக்கு வந்தால் நம் ஊரின் வேறொரு விஷயம் முன்னால் வரும். ஒரு கிளையில் தக்காளியை பிரெஞ்சில் தொமாத் என்று ஏற்றியிருப்பார்கள், இன்னொரு கிளையில் கிரியோலில் பொம்தாமூர் என்று. வெண்டைக்காய் ஒரு இடத்தில் லாலோ, இன்னொரு இடத்தில் கோம்போ. முருங்கைக்கீரை பிரேட் முரும். (அந்த 'முரும்' நம் முருங்கையில் இருந்து வந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.) ஆள் பெயரும் அப்படித்தான். முத்துசாமி என்ற ஒரே பெயரின் 'மு'வை ஒருவர் பிரெஞ்சு வழக்கப்படி ஓ-யு போட்டு எழுதுவார், இன்னொருவர் இரண்டு ஓ போட்டு எழுதுவார், மூன்றாமவர் வெறும் யு போடுவார். கம்ப்யூட்டருக்கு அவர்கள் மூன்று பேர். இவற்றை ஒரே பெயருக்குக் கொண்டுவருவதற்குப் பெரிய மென்பொருள் ஒன்றும் வேண்டாம். 'கிளையில் எழுதியது, சரியான பெயர்' என்று இரண்டு பத்தி உள்ள ஒரு டேபிள் போதும். அதைப் பொறுமையாக நிரப்ப, இரண்டு சொல்லும் ஒரே கீரைதான் என்று தெரிந்த ஒரு ஆள் வேண்டும். வெளிநாட்டில் இருந்து வருகிற ஆலோசகருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். இதை ஒரு தகுதியாகவே நினையுங்கள்.

இன்னொரு பாடம் நான் விலை கொடுத்துக் கற்றது. வேலையில் சேர்ந்த மூன்றாவது வருடம், பல கிளைகள் உள்ள ஒரு நிறுவனத்துக்கு முதல் முறையாகத் தனியாக ஒரு வேர்ஹவுஸ் கட்டினேன். கடை டேபிளில் 'மண்டலம்' என்று ஒரு பத்தி. வருட நடுவில் ஒரு கிளையைத் தென் மண்டலத்தில் இருந்து மத்திய மண்டலத்துக்கு மாற்றினார்கள். நான் அந்தப் பத்தியில் பழையதை அழித்துப் புதியதை எழுதினேன். மறுநாள் காலை, அந்தக் கிளையின் கடந்த நான்கு வருட விற்பனையும் மத்திய மண்டலத்தில் போய் உட்கார்ந்திருந்தது. தென் மண்டல மேலாளர் அந்தக் கடையை உழைத்து வளர்த்தவர். ரிப்போர்ட்டில் அவர் செய்த வேலையே காணாமல் போயிருந்தது, அவருடைய போனஸ் கணக்கும் அதில் இருந்துதான் எடுக்கப்பட்டது. நல்லவேளை, பணம் போவதற்குள் அவரே கவனித்துக் கேட்டார். அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

செய்திருக்க வேண்டியது எளிது. பழைய வரியை அப்படியே விட்டு, 'இந்தத் தேதி வரை' என்று அதை முடித்துவிட்டு, அதே கடைக்குப் புதிதாக இன்னொரு வரி சேர்த்திருக்க வேண்டும். பழைய விற்பனைகள் பழைய வரியைச் சுட்டும், புதியவை புதிய வரியைச் சுட்டும். ஒரே கடைக்கு இரண்டு வரி வருவதால் கடை நம்பர் மட்டும் போதாது, ஒவ்வொரு வரிக்கும் வேர்ஹவுஸ் தானாகக் கொடுக்கிற ஒரு எண் வேண்டும். அதுதான் சரோகேட் கீ. இப்படி மாற்றங்களைப் புதுவரியாக வைத்துக்கொள்வதை டைப் 2 என்பார்கள். அழித்து எழுதுவது டைப் 1. எழுத்துப்பிழையைத் திருத்த டைப் 1 சரி. ஒரு ஆளின் உழைப்பைப் பாதிக்கிற எதற்கும் டைப் 2.

எண்களைக் கூட்டுவதிலும் கவனம் வேண்டும். விற்பனைத் தொகையை எப்படி வேண்டுமானாலும் கூட்டலாம். சரக்கு இருப்பு அப்படியில்லை. கிடங்கில் 100 மூட்டை அரிசி ஒரு வாரம் அசையாமல் இருந்தால், ஏழு நாளையும் கூட்டி 700 என்று சொல்லக் கூடாது. கடைகளுக்கு இடையே கூட்டலாம், நாள்களுக்கு இடையே கூட்டக் கூடாது. சதவீதத்தை எந்தப் பக்கமும் கூட்டவோ சராசரி எடுக்கவோ கூடாது. ஒரு கடை 10,000 ரூபாய் விற்று 2,000 லாபம், இன்னொன்று 90,000 விற்று 9,000 லாபம் என்றால் 20-க்கும் 10-க்கும் நடுவில் 15 சதவீதம் என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையான லாபம் 11 சதவீதம். டேபிளில் லாபத்தையும் விற்பனையையும் வையுங்கள், சதவீதத்தைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம். காமர்ஸ் படித்தவருக்கு இது உடனே புரியும். அதனால்தான் உங்கள் படிப்பைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கருவிகளுக்கு வருகிறேன். முதலில் எஸ்க்யூஎல், அது ஒன்றுதான். ஸ்னோஃப்ளேக், ரெட்ஷிஃப்ட், பிக்குவெரி என்ற கிளவுட் வேர்ஹவுஸ்கள் எதில் போனாலும் டேட்டாவிடம் கேள்வி கேட்கிற மொழி அதுதான். பத்து வருடத்துக்கு முன், பெரிய டேட்டாவைப் பல கம்ப்யூட்டரில் பிரித்து வேலை செய்கிற ஹடூப் தெரியாவிட்டால் வேலை இல்லை என்றார்கள். இன்று புதிதாகத் தொடங்குகிறவரை நான் அந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன். எஸ்க்யூஎல் 1970-களில் பிறந்தது, இன்னும் நிற்கிறது. பைத்தான் என்கிற புரோகிராம் மொழி நல்லது, ஆனால் அதற்கு ஆறு மாதம் பொறுத்துக்கொள்ளலாம்.

லேப்டாப்பில் டக்டிபி போட்டுக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் உருவான இலவச டேட்டாபேஸ் அது. சர்வர் எதுவும் வேண்டாம், எக்செல்லில் இருந்து எடுக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பை நேராகப் படிக்கும். தொகைகளை வரி வரியாக இல்லாமல் பத்தி பத்தியாகச் சேர்த்து வைப்பதால், 48 லட்சம் வரியில் ஒரே ஒரு பத்தியைக் கூட்டச் சொன்னால் மற்றப் பத்திகளைத் தொடாமல் உடனே பதில் சொல்லும். பெரிய கிளவுட் வேர்ஹவுஸ்களும் உள்ளே இப்படித்தான் வேலை செய்கின்றன. போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸும் இலவசம்தான். எபேனில் அதைத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு உண்டு, ஆனால் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்க்யூஎல்லில் எடுப்பது, வடிகட்டுவது, குழுவாக்கிக் கூட்டுவது, இரண்டு டேபிளைச் சேர்ப்பது, இந்த நான்கும் கைக்கு வரும் வரை தினமும் முக்கால் மணி நேரம். சேர்ப்பதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். ஒரு பில்லுக்குப் பாதி கேஷ், பாதி கார்டு என்று இரண்டு பேமெண்ட் வரி இருந்தால், அதைப் பில்லின் பொருள் வரிகளோடு நேராகச் சேர்த்ததும் விற்பனை இரட்டிப்பாகிவிடும். கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் தராது. ஆகவே ஒவ்வொரு தடவை சேர்க்கும் முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பாருங்கள், மொத்தத் தொகையைப் பாருங்கள். அப்புறம் அன்றைய இசட் ரிப்போர்ட்டோடு ஒத்துப்பாருங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் 'பரவாயில்லை' என்று விடாதீர்கள். அந்த ஒரு ரூபாய்க்குப் பின்னால் சில சமயம் ஒரு லட்சம் கூட்டலும் ஒரு லட்சம் கழித்தலும் ஒளிந்திருக்கும்.

பயிற்சிக்கு அலுவலக டேட்டாவை அனுமதி இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 ஜனவரியில் இருந்து நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் எல்லாம் அதில் அடங்கும். மேலாளரிடம் நேராகக் கேளுங்கள்: 'ஆள் பெயர் இல்லாமல், ஒரு கிளையின் மூன்று மாத பில் வரிகளை மட்டும் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே வைத்துப் பயிற்சி செய்கிறேன்.' மாதாந்திர ரிப்போர்ட் சீக்கிரம் வரும் என்று சொன்னால் மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

மறுத்தாலும் வழி உண்டு. ஸ்டேட்டிஸ்டிக்ஸ் மொரீஷியஸ் மாதா மாதம் சுற்றுலாப் பயணிகள் வருகையை நாடு வாரியாக வெளியிடுகிறது. அதை எடுத்து ஒரு சின்ன வேர்ஹவுஸ் கட்டுங்கள். ஒரு வரி என்பது ஒரு மாதத்தில் ஒரு நாட்டில் இருந்து வந்தவர்கள். உடனே ஒரு நல்ல கேள்வி வரும்: பிரான்ஸும் ரியூனியனும் தனித்தனியாக இருக்கின்றன. ரியூனியன் பிரான்ஸின் பகுதி. உங்கள் நாடு டேபிளில் அதை ஐரோப்பாவில் வைப்பீர்களா, நம் பக்கத்துத் தீவாக ஆப்பிரிக்காவில் வைப்பீர்களா? ஹோட்டல்காரர் ஒரு பதில் சொல்வார், பாஸ்போர்ட் அலுவலகம் வேறு பதில் சொல்லும். இரண்டுக்கும் இரண்டு பத்தி போட்டால் சண்டை தீர்ந்தது. இன்னொன்றும் தெரியும். 2019-ல் 13 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல் வந்தவர்கள், 2020-ல் மூன்று லட்சத்துச் சொச்சம்தான். 2020 மார்ச்சில் எல்லை மூடியதைத் தேதி டேபிளில் எழுதி வைக்காவிட்டால், இருபது வருடம் கழித்து அதைப் பார்க்கிற ஒரு பிள்ளைக்கு அந்தப் பள்ளம் ஏன் என்று தெரியாது.

சர்ட்டிஃபிகேட் இப்போது வேண்டாம். அந்தப் பணத்தை அப்படியே வைத்திருங்கள். பிறகு ஒரு நிறுவனம் எந்தக் கருவி பயன்படுத்துகிறது என்று தெரிந்தால், அந்தக் கருவிக்கு எடுத்துக்கொள்ளலாம். நான் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்கிற முதல் கேள்வி, 'நீங்கள் கட்டிய ஒரு டேபிளைச் சொல்லுங்கள், அதில் ஒரு வரி என்றால் என்ன?' என்பது. மூன்று சர்ட்டிஃபிகேட் வைத்திருப்பவர்கள்கூட அங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தன் கடைக் கணக்கைத் தானே கட்டிப் பார்த்தவர் தடுமாற மாட்டார்.

எவ்வளவு நாள் ஆகும் என்றால், வேலையோடு சேர்த்து எஸ்க்யூஎல்லுக்கு இரண்டு மாதம், உங்கள் முதல் நட்சத்திரத்தைக் கட்டி, மூன்று மாத விற்பனையை ஏற்றி, இசட் ரிப்போர்ட்டோடு ஒத்துவரச் செய்ய இன்னும் மூன்று நான்கு மாதம். நடுவில் காவடி விரதம், வருடக் கணக்கு முடிப்பு எல்லாம் வரும். அப்போது நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். 27 வயதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என்னோடு வேலை செய்கிற மிக நல்ல மாடலர் (டேபிள்களை வடிவமைப்பவர்) ஒருவர், 34 வயது வரை ஒரு சர்க்கரை ஆலையில் எடை மேடைக் கணக்கு எழுதியவர்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த 'ஒரு வரி என்பது' வாக்கியத்தை எழுதி எனக்கு அனுப்புங்கள். கூடவே இதையும் யோசித்து எழுதுங்கள்: திங்கட்கிழமை ரோஸ் ஹில் கிளையில் வாங்கிய ஒரு அரிசி மூட்டையை, ஒருவர் வியாழக்கிழமை காத்ர் போர்ன் கிளையில் திருப்பிக் கொடுக்கிறார். உங்கள் டேபிளில் அது எந்தத் தேதியில், எந்தக் கடையில், எத்தனை வரியாக ஏறும்?

அன்புடன்,
அக்கா